திங்கட்கிழமைச் சத்தம்

இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. எங்கள் முதலாளி என் மச்சினனுக்குத் தர வேண்டிய பாக்கி அது. போன வருஷப் புயலில் குளிர்க்கிடங்கின் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டபோது அவன்தான் வந்து பார்த்தான். உள்ளே இருந்த சர்க்யூட் கார்டு ஒன்று எரிந்து கிடந்தது. தன் கைக்காசைப் போட்டுப் புதுக் கார்டு வாங்கி மாட்டினான். கூலியையும் சேர்த்து பில் எழுதிக் கொடுத்தான். முதலாளி பில்லைப் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.

"நாளைக்கு வாப்பா" என்றார்.

அந்த நாளை வரவே இல்லை. கிடங்கில் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பேரே 'நாளைக்கு' தான். "நாளைக்கு வந்துட்டாரா?" என்று ஒருவன் கேட்பான். "இல்ல, நாளைக்கு இன்னும் சாப்பிட்டுட்டு இருக்காரு" என்பான் இன்னொருவன்.

நான் அங்கே பெட்டி தூக்குகிறவன். ஜெனரேட்டர் பக்கத்தில் துடைக்கிறதும் டீசல் ஊற்றுகிறதும்கூட என் தலையில்தான் விழும். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. ஊரில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் மெக்கானிக் அவன் ஒருவன்தான். ஆகவே இந்தப் பாக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் என்னைத்தான் இடித்தது. வீட்டுக்குப் போனால் மனைவி "உங்க முதலாளி" என்று ஆரம்பிப்பாள். கிடங்குக்கு வந்தால் முதலாளி "உன் மச்சினன்" என்று ஆரம்பிப்பார். நடுவில் நான் இரண்டு பேருக்கும் "ஆமாம்" போட்டுக்கொண்டு இருந்தேன்.

போன புயலில் மீன் அறை முழுவதும் அழுகிப்போனது. ஒரு வாரம் அதை நாங்கள்தான் வாரி வெளியே கொட்டினோம். வீட்டில் என்னைத் திண்ணையில்கூட ஏற்றாமல் வாசலிலேயே படுக்க வைத்தாள் மனைவி. சோப்பு எத்தனை போட்டாலும் கை நாற்றம் போகவில்லை. அப்போது முதலாளி சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் இன்னும் இருக்கிறது. "இன்னொரு தடவை இப்படிப் போச்சுன்னா ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டுப் போயிடுவேன். எனக்கு வயசாச்சு." அவர் சொன்னால் செய்வார். காசு கொடுக்கிற விஷயத்தில்தான் சொன்னதைச் செய்ய மாட்டார்.

அந்தப் புயலுக்குப் பிறகு அவருடைய மகள் வந்து கிடங்கைப் பார்க்க ஆரம்பித்தார். மேடம் என்போம். வெளியூரில் ஏதோ பெரிய கம்பெனியில் இருந்தவர். வந்த நாளிலிருந்தே அடுத்த புயலைப் பற்றித்தான் பேச்சு. வெயில் கொளுத்துகிற மாதத்தில் மணல் மூட்டை கட்டச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு. தரையில் இருந்த கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றச் சொன்னார். சுவிட்ச் போர்டை ஆள் உயரத்துக்குத் தூக்கி மாட்டச் சொன்னார். ஒவ்வொரு குளிர் அறையிலும் ஒரு சின்ன டப்பா வைத்தார். உள்ளே சூடு ஏறினால் அது அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். கணக்கையெல்லாம் பிரதி எடுத்து வேறு எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டேன் என்றார்.

"அங்க புயல் வராதா மேடம்?" என்று கேட்டான் எங்களில் ஒருவன்.

"வராத இடமா பாத்துத்தான் அனுப்பியிருக்கேன்."

"அப்ப எங்களையும் அங்கயே அனுப்பிடுங்களேன்."

மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் வேலையை விடவில்லை.

புயல் மறுநாள் கரையைக் கடக்கும் என்று போனில் செய்தி வந்த காலையில் அந்த வேலைகளெல்லாம் முடிந்திருந்தன. வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. காற்று இன்னும் பெரிதாக வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று கதவுகளை மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை ஓர் இடத்தில் நிற்கவில்லை. வீட்டுக் கூரையில் தார்ப்பாய் கட்ட வேண்டும். இங்கே கிடங்கின் கூரைத் தகட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜெனரேட்டர் ஒண்ணுதான் பாக்கி" என்றார் மேடம்.

"அது நல்லா இருக்கும்மா" என்றார் முதலாளி. "வாரா வாரம் ஓட்டிப் பாக்குறேனே."

உண்மைதான். திங்கட்கிழமை தவறாமல் முதலாளி ஜெனரேட்டர் கொட்டகைக்கு வருவார். நான் சாவியைத் திருப்புவேன். அது கர்ஜிக்கும். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார், பாட்டு கேட்கிற மாதிரி. "நல்லா ஓடுது, நிறுத்து, டீசல் போகுது" என்பார். நிறுத்திவிடுவேன். போன புயலிலிருந்து இதுதான் வழக்கம்; அதற்குப் பிறகு கரண்டும் நீண்ட நேரம் போனதில்லை. அதன் கரண்டில் ஒரு பல்பைக்கூட எரித்துப் பார்த்ததில்லை. எரித்தால் டீசல் கூடப் போகுமாம். எனக்கும் அது தோன்றவில்லை. ஓடுகிற சத்தம் கேட்டால் போதும் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

"சத்தம் கேக்குறது இருக்கட்டும்ப்பா, லோடு போட்டுப் பாக்கலாம்" என்றார் மேடம்.

சாவியைத் திருப்பினேன். நன்றாகவே ஓடியது. மேடம் சுவிட்சை மாற்றிப் போட்டார். கொட்டகை பல்பு எரியவில்லை. ஆஃபீஸ் விளக்கும் எரியவில்லை. மூன்று முறை போட்டுப் போட்டுப் பார்த்தார். என்ஜின் மட்டும் எதுவும் தெரியாதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்திவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். மேடம் டார்ச் அடித்தார். கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கிற கார்டு அது. அது இல்லாவிட்டால் என்ஜின் ஓடும், கரண்டு வராது. கம்பிகளின் நுனியில் டேப் சுற்றியிருந்தது. கார்டைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவும் அதனதன் ஓட்டையில் அழகாகத் திரும்ப முறுக்கப்பட்டிருந்தன.

எதைக் கழற்றினாலும் ஸ்க்ரூவைத் தொலைத்துவிடாமல் அந்த ஓட்டையிலேயே முறுக்கி வைக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான். சர்வீஸ் பண்ணுகிறேன் என்று ஒருநாள் அவன் தனியாக வந்து போனதும் நினைவுக்கு வந்தது. நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"இங்க என்ன இருந்தது?" என்றார் மேடம்.

சொல்லியிருந்தால் அதோடு அவன் கதை முடிந்திருக்கும். ஜெனரேட்டர் வைத்திருக்கிற முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் பேசிக்கொள்கிறவர்கள். ஒரே போனில் அவனை எந்த வாசலிலும் ஏற்ற மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் மறுநாள் மூன்று அறையும் அழுகும். ஷட்டர் இறங்கும். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு குடும்பம் வேலை தேடும்.

"எனக்கு அவ்வளவா தெரியாது மேடம். மெக்கானிக்கைத்தான் கேக்கணும்."

"கூப்பிடு அவனை" என்றார் முதலாளி.

"வர மாட்டான் முதலாளி. பழைய பாக்கி இருக்குல்ல."

"இந்த நேரத்துல பாக்கி பேசுறானா?"

"இந்த நேரத்துலதான் பேச முடியும்" என்றேன். வாய் என்னை மீறிப் பேசிவிட்டது.

மேடம் அப்பாவைப் பார்த்தார். "எவ்வளவு பாக்கி?"

முதலாளி கூரையைப் பார்த்தார். தொகையை நான் சொன்னேன். அந்தத் தொகையைத் தினமும் வீட்டில் கேட்கிறவன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"உள்ள இருக்கிற சரக்கு எவ்வளவு பெறும்ப்பா?" என்றார் மேடம். முதலாளி மாடிக்குப் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்து என் கையில் நோட்டுகளை வைத்தார். வைக்குமுன் எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். இருபத்திரண்டாயிரம்.

"மீதி எண்ணூத்தம்பது?"

"சில்லறை இல்ல."

பணத்தை மடியில் முடிந்துகொண்டேன். கிளம்பும்போது ஜெனரேட்டர் தகட்டில் அடித்திருந்த மாடல் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். சில வருஷத்துக்கு முன்னால், எனக்கு எழுதத் தெரியாத காலம் என்றால் தகட்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

சைக்கிளை மிதித்தால் காற்று பின்னால் தள்ளியது. பெட்ரோல் பங்கில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கடைக்காரர்கள் போர்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்றபடி கீழே இருந்த மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் ஓர் அவசரம். எனக்கு இரண்டு.

மச்சினனின் பட்டறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. ஒரு ஜெனரேட்டருக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான்.

"வா மாமா. உன் முதலாளி ஜெனரேட்டரும் படுத்துருச்சா?"

நான் மடியை அவிழ்த்துப் பணத்தை நீட்டினேன். அவன் கையைத் துடைக்காமல் அப்படியே பார்த்தான்.

"என்ன இது?"

"உன் பாக்கி. எண்ணூத்தம்பது குறையுது. சில்லறை இல்லையாம்."

"நாளைக்கு குடுத்தாரா?"

"இன்னிக்கே குடுத்துட்டாரு."

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பான்.

"கார்டை எடு" என்றேன்.

"எந்தக் கார்டு?"

"மாப்ள, எங்கிட்ட வேணாம். நாலு ஸ்க்ரூவும் வரிசையா நிக்குது அங்க. உன் கையெழுத்தை நான் பாத்துட்டேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். "நான் திருடல மாமா. அது என் காசுல வாங்கினது. குடுக்காத காசுக்கு என் பொருளை நான் எடுத்துட்டேன்."

"சரி, எடுத்துட்ட. இப்ப காசு வந்துருச்சு. குடு."

"இல்ல."

"என்ன இல்ல?"

"வித்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல லாட்ஜ் இருக்குல்ல, அங்க மாட்டியிருக்கேன். நல்லா ஓடுது."

நல்லா ஓடுகிறதாம். அதில் ஒரு பெருமை வேறு. அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். மனைவியின் தம்பி என்பதால் அந்தக் கையைக் கொண்டுபோய்த் தலையில் வைத்துக்கொண்டேன்.

"எவ்வளவுக்கு வித்த?"

"என் பாக்கிக்குத்தான். கூலியும் சேத்து. அதுக்கு மேல ஒத்தக் காசு வாங்கல. லாட்ஜ்காரர் சில்லறையோட குடுத்தாரு."

"அப்ப உன் கணக்கு எப்பவோ முடிஞ்சிருச்சு?"

"முடிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏண்டா மாசா மாசம் வந்து அவர் வாசல்ல நின்னு காசு காசுன்னு கத்துன?"

"நிறுத்தினா சந்தேகம் வருமே மாமா."

அவன் பேசுகிற பேச்சில் எப்போதும் ஒரு நியாயம் இருப்பது போலவே இருக்கும். "அவரு தர மாட்டார்னு நெனச்சேன்" என்றான், தரையைப் பார்த்து. "சத்தியமா தர மாட்டார்னுதான் நெனச்சேன். இன்னைக்குன்னு பாத்து இந்த மனுஷன் மாறணுமா."

பட்டறைத் தகரம் படபடவென்று அடித்தது. மழையின் முதல் தூற்றல் வாசலில் விழுந்தது. பணம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்டூல் விளிம்பில் இருந்தது. அவன் தொடவில்லை. நானும் தொடவில்லை. திரும்பக் கொண்டுபோனால் கார்டு எங்கே என்று கேட்பார்கள். விட்டுவிட்டுப் போனால் இவனுக்கு இரண்டு முறை கூலி.

"இந்தக் காசு உன்னுது இல்ல" என்றேன். "வண்டியை எடு. கார்டு விக்கிற கடை தெறந்திருக்கானு பாப்போம்."

"இங்க இருக்கிற வேலையெல்லாம்?"

"மாப்ள. உன் அக்கா வீட்டுல அடுப்பு எரியணுமா வேணாமா?"

எழுந்தான்.

அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையை முஷ்டியாக மூடிக்கொண்டேன், நம்பர் நனைந்து அழியாமல். முறிந்து விழுந்த கொப்பு ஒன்றைச் சுற்றிப் போனோம். உதிரிபாகக் கடையில் ஷட்டர் பாதிக்கு இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தோம். கடைக்காரர் பெட்டிகளை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கடை மூடியாச்சு."

"அண்ணே, ஒரே ஒரு கார்டு" என்றான் மச்சினன்.

"உன் குரலா? வா வா. போன மாசப் பாக்கி எங்க?"

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க இப்படித்தான் போலிருக்கிறது.

முஷ்டியைத் திறந்து காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் உள்ளங்கையைக் கைரேகை பார்ப்பது போல வளைத்துப் பார்த்தார். "கடைசி நம்பர் என்ன, ஒன்பதா நாலா?"

"ஒன்பது. நான் ஒன்பதை அப்படித்தான் எழுதுவேன்."

உள்ளே போய்த் தேடினார். அட்டைப்பெட்டிகள் உருளுகிற சத்தம். தூசி தட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். "ஒண்ணுதான் இருக்கு. இருபத்து மூணாயிரத்து ஐநூறு."

"என்னண்ணே, புயலுக்கும் சேத்து விலை போடுறீங்களா?"

"காலையில இருந்து ரெண்டு பேரு கேட்டுட்டுப் போயிருக்காங்க. வேணும்னா எடு, இல்லைன்னா நான் வீட்டுக்குப் போகணும்."

ஆயிரத்து ஐநூறு குறைந்தது. மச்சினன் பையில் கைவிட்டான். காலையில் பார்த்த வேலைகளின் கூலி, கசங்கிய நோட்டுகள். எண்ணி வைத்தான். முகம் புளி தின்ற மாதிரி ஆகிவிட்டது.

அப்போது என் போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? தார்ப்பாய் ஒரு பக்கம் பிச்சுக்கிட்டுப் பறக்குது. ஊரான் கூரையக் கட்டுறது போதும், நம்ம கூரைக்கு வாங்க."

"வர்றேன், வர்றேன். உன் தம்பியோடதான் இருக்கேன்."

"அவனா? அவன் காசு வந்துச்சா, கேளுங்க."

மச்சினன் காதில் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"வந்துருச்சு" என்றேன்.

"அப்பாடா. இன்னியோட விட்டுது. செலவு பண்ணாம வைக்கச் சொல்லுங்க அவனை."

"சரி" என்றேன். கடைக்காரர் அந்தக் காசைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிடங்குக்குத் திரும்பியபோது ஊரில் கரண்டு போயிருந்தது. போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. மேடம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் அறையில் சூடு ஏறுகிறது என்று டப்பா சொல்லிக்கொண்டே இருந்ததாம். அறைக்கதவை யாரும் திறக்கக் கூடாது என்று குறுக்கே ஆளை நிறுத்தியிருந்தார். முதலாளி கொட்டகைக்கும் ஆஃபீசுக்கும் நடந்தபடி இருந்தார். செருப்பு மாறிப் போட்டிருந்தார், ஒன்று அவருடையது, இன்னொன்று வாட்ச்மேனுடையது.

"எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்று ஒவ்வொரு சுற்றிலும் மச்சினனைக் கேட்டார்.

"நீங்க கேக்கக் கேக்க ஆகுது முதலாளி."

டார்ச்சை நான் பிடித்தேன். அவன் பெட்டியைப் பிரித்தான். ஸ்க்ரூக்களைக் கழற்றினான். கம்பிகளில் டேப்பைப் பிரித்தான். அவன் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கழுத்து மட்டும் வியர்த்து வழிந்தது. கொட்டகையின் கூரைத் தகடு ஒரு மூலையில் தூக்கித் தூக்கி அடித்தது. காலையில் நான் கட்டிய கயிறுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது.

"போடு மாமா."

சாவியைத் திருப்பினேன். அதே பழைய சத்தம். இந்த முறை யாரும் தலையைச் சாய்த்துக் கேட்கவில்லை. எல்லோரும் பல்பைத்தான் பார்த்தோம். மேடம் சுவிட்சை மாற்றினார்.

பல்பு எரிந்தது. லோடு ஏறியதும் என்ஜின் ஒரு மூச்சு இறங்கி, பிறகு கனமாகப் பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் முதல் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. கதவுக்குக் குறுக்கே நின்ற ஆள் அங்கிருந்தே விசில் அடித்தான். முதலாளி ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மேடம் போனைப் பார்த்தபடியே சொன்னார்: "இறங்குது. மெதுவா, ஆனா இறங்குது."

பிறகு கைப்பையைத் திறந்தார். "இன்னும் எண்ணூத்தம்பது உங்களுக்குத் தரணும்" என்று நோட்டுகளை மச்சினனிடம் நீட்டினார்.

அவன் கையை வேட்டித்துணியில் துடைத்தான். துடைத்த கையை நீட்டவில்லை. "வேண்டாம் மேடம்."

"ஏன்? உங்க காசுதானே. ஒரு வருஷமா கேட்டுட்டிருந்தீங்களாமே."

"பரவால்ல மேடம்."

மேடம் குனிந்தார். தரையில் கார்டுப் பெட்டியின் அட்டையும், அதில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதமும் கிடந்தன. எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கடைச் சீட்டு அதிலேயே ஒட்டியிருந்தது. அதில் விலையும் இருந்தது.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் டார்ச்சை அணைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"புதுக் கார்டு" என்றார் மேடம்.

"ஆமா மேடம்" என்றான் அவன். குரல் எழும்பவில்லை.

"நாங்க குடுத்ததைவிட இது கூட."

மேடம் அந்தக் காலியிடத்தைக் காலையில் தன் டார்ச்சால் பார்த்தவர். கணக்குப் பார்க்கத் தெரியாதவரும் இல்லை. அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பாவைத்தான் அதிக நேரம் பார்த்தார். அட்டையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நோட்டுகளை மட்டும் கைப்பைக்குள் வைக்கவில்லை.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன். இதை வாங்கிக்கிறீங்களா?"

"இல்ல மேடம். அதைத் தள்ளுபடி பண்ணிட்டேன்" என்றான் மச்சினன். இப்போது குரல் சரியாக வந்தது. "முதலாளிக்கும் எனக்கும் இனி ஒண்ணும் பாக்கி இல்ல."

முதலாளி துண்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். "தள்ளுபடியா? எண்ணூத்தம்பதும்?"

"முழுசா முதலாளி."

"நல்ல பையன்ப்பா" என்றார் முதலாளி என்னைப் பார்த்து. மீன் பிழைத்ததைவிட அதில்தான் அவருக்கு முகம் மலர்ந்தது.